ட்ராவுட் மீனைப் பார்த்துப் பிடிப்பது

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், ப்ளைத் ஆற்றின் மேல் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் என்ற தூண்டில்காரர் ஒரு சிறு குடில் கட்டினார். அதன் ஜன்னல் வழியே ட்ராவுட் மீன்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். மீன்களுக்குக் காது கேட்குமா என்றறிய, மறைவிலிருந்து துப்பாக்கியால் சுடச் செய்தார். மீன்கள் அசையவில்லை. காற்றில் எழும் ஓசையில் பெரும்பகுதி நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. ஆனால் கரையில் தடதடவென்று நடந்தால் அந்த அதிர்வை மீன் உடனே உணர்ந்து ஓடிவிடும்.

இப்படிப் பார்த்துப் பிடிப்பவர்கள் இந்த மீனுக்குப் போடுவது புழு அல்ல. முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சி. அதற்கு எடை இல்லையென்றே சொல்லலாம். அதனால் கனமான தூண்டில் கயிற்றைத்தான் வீசுகிறார்கள். பூச்சி அதன் பின்னே பறந்து போகிறது. வீசுவதைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். எப்போது, எங்கே, எந்தப் பூச்சியை வீசுவது என்பதுதான் கடினம். அதற்குக் காத்திருந்து பார்த்தே ஆக வேண்டும்.

ட்ராவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். இரை தானாக மிதந்து வரும். மேலே பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை விரிந்த கூம்புக்குள் ஒரு வட்டமாகத் தெரியும். வட்டத்தின் விளிம்பில் உருவங்கள் நசுங்கி மங்கிப்போகும். ஆகவே பின்பக்கமாக, குனிந்து நெருங்குபவர் அதன் கண்ணில் எளிதில் படமாட்டார்.

பிறகு நீர்ப்பரப்பைப் படிக்க வேண்டும். மேஃப்ளை என்ற பூச்சி இளம்பருவத்தை ஆற்றுக்குள் கழிக்கிறது. சில இனங்களுக்கு இது ஓராண்டு, சிலவற்றுக்கு இரண்டாண்டு. சிறகு முளைத்த பின் ஓரிரு நாளில் இறந்துவிடும். அவை மேலெழும் நேரத்தில் மீன்கள் பெரும்பாலும் வேறெதையும் சீண்டுவதில்லை. நீரில் வளையம் எழுந்த இடத்தில் குமிழி மிதந்தால் மீன் மேற்பரப்புப் பூச்சியை விழுங்கியிருக்கிறது. முதுகோ வாலோ மட்டும் தெரிந்து குமிழி இல்லாவிட்டால், மேலேறி வரும் இளம்பூச்சியை நீருக்குள்ளேயே பிடிக்கிறது. இந்தச் சின்ன அடையாளம் எனக்குப் பேரதிசயம். எந்தப் பூச்சியைக் கட்டுவது என்பதை அந்தக் குமிழியே சொல்லிவிடுகிறது!

சரியான பூச்சியும் போதாது. நீரோட்டம் கயிற்றை இழுத்து, போலிப் பூச்சி மிதந்து வரும் மற்றவற்றைவிட வேகமாக நகர்ந்தால் மீன் ஏமாறாது.

ரொனால்ட்ஸ் 1836-இல் வெளியிட்ட நூலில் உண்மைப் பூச்சிகளையும் அவற்றின் போலிகளையும் தாமே வரைந்து சேர்த்தார். தூண்டில் வாங்க நினைத்தால், நீங்களும் அவரைப் போல முதலில் ஒரு மாலைப்பொழுது வெறுங்கையோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு மீன் என்ன தின்கிறது என்று பாருங்கள்.