துணி வெளுக்கும் மருந்தின் பெயர் என்ன?

டிரை கிளீனிங்கில் துணி நனையாது என்று நினைக்கிறோம். நனையும், தண்ணீரில் அல்ல, கரைப்பானில். உலகெங்கும் அதிகம் பயன்பட்டது பெர்குளோரோஎத்திலீன். எண்ணெய்க் கறையைச் சட்டென்று கரைக்கும், தீப்பிடிக்காது. ஆனால் அதன் ஆவி தலை சுற்ற வைக்கும். நாள்பட்டால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டிரை கிளீனிங் கடைகள் 10 ஆண்டுகளுக்குள் இதைக் கைவிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் அமெரிக்கா விதி செய்தது.

எங்க திற்பரப்புப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க ஊத்துவதை 'ஆசிட்' என்றுதான் சொல்வோம். அது ஃபார்மிக் ஆசிட் என்று தெரிந்தால்தானே, கண்ணில் பட்டால் டாக்டரிடம் சரியாகச் சொல்ல முடியும்?

1984-ல் போபாலில் கசிந்தது என்ன வாயு, எப்படித் தப்புவது என்று சுற்றியிருந்த மக்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவு சேர்ந்தது: அபாயத் தொழில் நடத்துபவர் அதன் ஆபத்தையும் தற்காப்பையும் தொழிலாளர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது அது. ஆனால் நாலு பேர் வேலை செய்யும் சிறு கடை பொதுவாக அந்தச் சட்டத்தின் கணக்கில் 'தொழிற்சாலை' ஆகவில்லை. கடை சிறிது என்று ஆவிக்குத் தெரியுமா?

விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ரசாயனத்தின் பெயரையும் முதலுதவியையும் எழுதி மாட்டுவதைச் சட்டம் கட்டாயமாக்கணும் என்பது என் கருத்து. நாளை நாமும் பட்டறை போடுவோம். அந்தப் பலகையை முதலில் நம்ம சுவரில் மாட்டுவோம்!