மலையூரில் ஒரு பல்கலைக்கழகம்... மலைக்க வைக்கும் இந்தச் சேதிகள் தெரியுமா?

அமெரிக்காவின் வடக்கு கரோலைனா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் நடுவே ஓர் ஊர் இருக்கிறது. பெயர் ஆஷ்வில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை! இந்தச் சின்ன மலையூரில் மாநில அரசின் பல்கலைக்கழகம் ஒன்று இயங்குகிறது. வேதியியல் படிக்கிறவரும் இலக்கியம் படிக்க வேண்டும், கணிதம் படிக்கிறவரும் வரலாறு படிக்க வேண்டும் என்று சொல்லும் 'லிபரல் ஆர்ட்ஸ்' பல்கலை. அமெரிக்காவில் இந்த வகைப் படிப்பு என்றாலே பெரும்பாலும் தனியார் கல்லூரிதான், கட்டணமோ கண்ணைக் கட்டும்! அதையே அரசுக் கட்டணத்தில் தருகிறது 'வடக்கு கரோலைனா பல்கலைக்கழகம், ஆஷ்வில்'.

இதற்கு எத்தனை முறை பெயர் மாறியது தெரியுமா? 1927-ல் பிறந்தபோது 'பன்கம்ப் கவுண்டி ஜூனியர் காலேஜ்'. 1930-ல் 'பில்ட்மோர் ஜூனியர் காலேஜ்'. 1934-ல் 'பில்ட்மோர் காலேஜ்'. 1936-ல் 'ஆஷ்வில்-பில்ட்மோர் காலேஜ்'. பத்து வயது நிறைவதற்குள் நான்கு பெயர்ப் பலகை! இப்போதைய பெயர் வந்தது 1969-ல், மாநிலப் பல்கலைக் குடும்பத்தில் சேர்ந்தபோது.

பிறந்த நேரமும் லேசுப்பட்டதல்ல. கல்லூரி தொடங்கி மூன்றே ஆண்டில், 1930 நவம்பரில், ஊரின் பெரிய வங்கி இழுத்து மூடப்பட்டது! நகராட்சியின் பணமும் அதோடு போனது. அந்தக் காலத்துக் கடனை ஆஷ்வில் எந்த ஆண்டு கட்டி முடித்தது தெரியுமா? 1976! அந்தப் பஞ்சத்திலும் கல்லூரியை மூடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்!

அது சரி, பழைய பெயர்களில் வந்த அந்த 'பில்ட்மோர்' எது? ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்ற செல்வந்தர் ஆஷ்வில்லில் 1895-ல் குடிபுகுந்த மாளிகை. அறைகள் மட்டும் 250! கணப்பு அடுப்புகள் 65! இரண்டாம் உலகப் போரின்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் விலைமதிப்பற்ற ஓவியங்களை ஒளித்து வைத்தது எங்கே என்கிறீர்கள்? இங்கேதான்!

கோட்டைக்குள் கல்லூரி நடந்த கதை தெரியுமா?

எட்வின் குரோவ் என்று ஒரு மருந்து வியாபாரி. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினாதான் மருந்து. ஆனால் அந்தக் கசப்பை யார் விழுங்குவது? கசப்பு நாக்கில் தெரியாதபடி இனிப்புப் பாகில் கலந்து 'டேஸ்ட்லெஸ் சில் டானிக்' என்று பாட்டிலில் அடைத்து விற்றார். பணம் கொட்டியது! அந்தப் பணத்தோடு ஆஷ்வில்லுக்கு வந்து, மலைப் பாறைகளை அப்படியே அடுக்கி, ஓராண்டுக்குள் 'குரோவ் பார்க் இன்' என்ற பிரம்மாண்டமான விடுதியை எழுப்பினார். திறந்தது 1913 ஜூலையில்! முன்னின்று கட்டியவர் அவருடைய மருமகன் ஃப்ரெட் சீலி. மாமனாருக்கு விடுதி கட்டிய கையோடு, ஊருக்கு மேலே மலைமீது தனக்கென்று ஒரு கற்கோட்டையும் கட்டிக்கொண்டார் சீலி. அவர் மறைந்த பிறகு, 1949-ல் அந்தக் கோட்டைக்குள் குடிபோனது யார்? நம் கல்லூரி! ஏறக்குறைய 12 ஆண்டுகள் மாணவர்கள் மலையேறிப் போய்க் கோட்டைக்குள் பாடம் படித்தார்கள். இப்போதைய வளாகத்துக்கு இறங்கி வந்தது 1961-ல்.

அந்த வளாகம் ஒரு போர்க்களம் தெரியுமா? 1865 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், வடவர் படை ஆஷ்வில்லைப் பிடிக்க வந்தது. ஊரைக் காக்க நின்றவர்கள் எழுப்பிய மண் அரண்களின் தடம் இன்றும் பல்கலை வளாகத்து மரங்களுக்கிடையே கிடக்கிறது!

பக்கத்திலேயே 10 ஏக்கரில் ஒரு தாவரவியல் பூங்கா. தொடங்கியது 1960-ல், அதாவது கல்லூரி இங்கே வருவதற்கு ஓராண்டு முன்பே! தெற்கு அப்பலாச்சிய மலைகளின் சொந்தச் செடிகொடிகளுக்காகவே வைத்த தோட்டம் இது.

ஓர் எஞ்சினியர் இசைப் பேராசிரியரானது தெரியுமா?

சின்தசைசர் இல்லாத சினிமாப் பாட்டை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? அந்தக் கருவியை இசைக்கலைஞர்களின் கைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் முதல் வரிசைக்காரர் ராபர்ட் மோக். 1964-ல் அவர் செய்து காட்டிய கருவி இசையுலகையே புரட்டிப் போட்டது. படித்தது என்ன? இயற்பியலும் மின் பொறியியலும்! அவர் 1970களின் இறுதியில் ஆஷ்வில் பக்கம் குடியேறினார். 1990களின் தொடக்கத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியர். எந்தத் துறையில்? இசைத்துறையில்! கலையும் அறிவியலும் ஒரே கூரையின் கீழ் என்று இந்தப் பல்கலை சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? 2005-ல் மோக் கண்மூடியதும் இதே ஆஷ்வில்லில்தான்.

இளங்கலை மாணவர் ஆராய்ச்சி செய்வதா, அதெல்லாம் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் வேலை என்று நினைக்கிறீர்களா? 1987-ல் இந்தச் சின்னப் பல்கலை ஒரு காரியம் செய்தது. இளங்கலை மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைத் தாங்களே மேடையேறிச் சொல்ல, அவர்களுக்காகவே ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டியது! அது அத்தோடு நின்றுபோகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில் கூடி, ஆயிரக்கணக்கான மாணவர்கள் வந்து குவியும் மாநாடாக வளர்ந்துவிட்டது. ஆஷ்வில் போட்ட விதை அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது! இந்தப் பல்கலையின் அதிசயங்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

7 அடி 7 அங்குலம்! ஒரு மாணவரின் உயரம் இது என்றால் நம்புவீர்களா?

கென்னி ஜார்ஜ். 2000களின் பிற்பகுதியில் இந்தப் பல்கலையின் கூடைப்பந்து அணியில் ஆடியவர். கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். மற்றவர்கள் எம்பிக் குதித்துப் பந்தைத் திணிக்க வேண்டும். இவர் குதிக்கவே வேண்டாம்! கால் தரையில் ஊன்றியபடியே, கையை நீட்டி உள்ளே போட்டுவிடுவார்! ஆனால் 2008-ல் கடும் கிருமித்தொற்று. பாதத்தின் ஒரு பகுதியையே அகற்ற வேண்டியதாயிற்று. ஆட்ட வாழ்க்கை அதோடு நின்றுபோனது. படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது.

2012-ல் இதே அணி தேசியப் போட்டியில் 16ஆம் தர வரிசையில் நுழைந்தது. எதிரே முதல் தர வரிசையில் இருந்த சிரக்யூஸ் பல்கலை அணி! ஆடவர் போட்டியில் அதுவரை எந்த 16ஆம் வரிசை அணியும் முதல் வரிசையை வென்றதில்லை. பாதி ஆட்டத்தில் யார் முன்னிலை தெரியுமா? ஆஷ்வில்! கடைசியில் 72–65 என்று தோற்றாலும், நாடே இருக்கை நுனிக்கு வந்துவிட்டது!

இளைஞர்களுக்கு மட்டும்தானா இந்தப் பல்கலை? ஐம்பது வயது தாண்டியவர்களுக்கும் இங்கே வகுப்பு உண்டு. 1988 முதலே!

இன்னொன்று. உலகின் மிகப் பெரிய வானிலைத் தரவுக் களஞ்சியங்களில் ஒன்று இந்த மலையூரில்தான் இருக்கிறது! பல்கலையிலும் வளிமண்டல அறிவியல் ஒரு பாடம். அப்படிப்பட்ட ஊரையே 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் புரட்டிப் போட்டது. களஞ்சியமே சில நாள் முடங்கியது! தண்ணீர்க் குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டன. குழாய்த் தண்ணீரை மறுபடி தைரியமாகக் குடிக்க எத்தனை நாளாயிற்று தெரியுமா? 53 நாள்! பல்கலையோ அதற்கு முன்பே, அக்டோபர் 28 அன்று, இணையவழியில் பாடத்தைத் தொடங்கிவிட்டது!

கடைசியாக, வாயடைக்க வைக்கும் ஒரு சேதி. புயலுக்குச் சில மாதம் முன்பு, 2024 கோடையில், பணப் பற்றாக்குறையால் சில துறைகளை மூட முடிவெடுத்தார்கள். எவை தெரியுமா? நாடகம், சமய ஆய்வு, பண்டைய மத்தியதரைக்கடல் ஆய்வு... கூடவே தத்துவம்! எல்லாம் கலந்து படிக்க வேண்டும் என்று சொல்லும் பல்கலையில் தத்துவத்துக்கு ஒரு துறை இல்லையா? இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2027-ல் இந்தப் பல்கலைக்கு 100 வயது. நூற்றாண்டு விழா மேடையில், தத்துவத்துறையை மீண்டும் திறக்கிறோம் என்று அவர்கள் அறிவிக்க வேண்டும்!