வேலூர் வட்டாரக் கத்தோலிக்கப் பங்குகளின் ஆண்டு வட்டம்

வேலூர் வட்டாரக் கத்தோலிக்கப் பங்குகளின் ஆண்டு வட்டம் என்பது வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பங்குகளிலும் அவற்றின் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் வரிசையாக நடைபெறும் வழிபாடுகள், திருவிழாக்கள், பள்ளி நிகழ்வுகள் ஆகியவற்றின் தொகுப்பாகும். ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள இறைமக்கள் கூட்டமும் அதன் நிலப்பகுதியும் சேர்ந்து பங்கு எனப்படும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பழைய பங்குகளில் கோயிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பதால், திருவழிபாட்டு ஆண்டும் கல்வியாண்டும் ஒன்றன்மீது ஒன்று படிந்தே நடக்கின்றன. இவ்விரண்டும் சில மாதங்களில் ஒத்துப் போகின்றன. சில மாதங்களில் மோதிக்கொள்கின்றன.

பின்னணி

வேலூர் மறைமாவட்டம் 1952 நவம்பரில் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. பழைய வட ஆர்க்காடு மாவட்டமே இதன் நிலப்பரப்பாகும். அம்மாவட்டம் 1989இலும் பின்னர் 2019இலும் பிரிக்கப்பட்டதால், இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் இது பரவியுள்ளது. இதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் பேராயமும் உள்ளது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேலூரின் தென்புறத்தில் உள்ள பாகாயம் என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகம். அது கத்தோலிக்க நிறுவனம் அன்று. சீர்திருத்தச் சபைகளின் மறைபரப்புப் பணியில் தோன்றியது. எனவே இப்பகுதியில் கிறித்து பிறப்பு, உயிர்ப்பு ஆகிய பெருவிழாக்கள் ஒரே தெருவில் இரு வேறு வழிபாட்டு முறைகளில் கொண்டாடப்படுவதைக் காணலாம்.

வட ஆர்க்காட்டின் தென்பகுதியில் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினரும், 1928க்குப் பின்னர் சலேசிய சபையினரும் பணியாற்றினர். சலேசியர் கல்வியைத் தம் முதன்மைப் பணியாகக் கொண்டவர்கள். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி (1951), காட்பாடி ஆக்சிலியம் கல்லூரி (1954) ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இப்பின்னணியால், தொன் போசுகோவின் விழாவான சனவரி 31 இவ்வட்டாரப் பள்ளிகள் பலவற்றில் முக்கிய நாளாக விளங்குகிறது.

திருவருகைக் காலமும் கிறித்து பிறப்பும்

திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்காம் ஞாயிறே அதன் முதல் நாளாகும். இது நவம்பர் 27க்கும் திசம்பர் 3க்கும் இடையில் வரும். கோயிலில் ஊதா நிறத் திருவுடை அணியப்படும். திருவருகை வளையத்தில் வாரத்திற்கு ஒரு மெழுகுதிரி ஏற்றப்படும். இதே நாட்களில்தான் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. இரவில் பாடகர் குழு அன்பியம் அன்பியமாகச் சென்று பாடும்போது, பாட வேண்டிய பிள்ளைகளுள் பாதிப் பேர் மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பர். (அன்பியம் என்பது அருகருகே வாழும் சில குடும்பங்களைக் கொண்ட பங்கின் சிறு அலகு.)

தேர்வு முடிந்தபின் குடில் வேலை விரைவு பெறுகிறது. வைக்கோல், களிமண், மூங்கில் ஆகியவற்றால் மாட்டுத் தொழுவம் கட்டுவர். கேழ்வரகு அல்லது நெல்லைத் தட்டில் விதைத்து, முளைத்த பசும்பயிரைக் குடிலின் முன் வயலாக வைப்பது பிள்ளைகளின் பொறுப்பு. இதற்கு ஏறத்தாழ பத்து நாட்கள் முன்னரே விதைக்க வேண்டும் என்பதால், தேர்வுக் காலத்திலும் தட்டுக்குத் தண்ணீர் தெளிக்க யாரேனும் ஒருவர் வேண்டும். திசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலியில் குழந்தை இயேசுவின் சுரூபம் குடிலில் வைக்கப்படுகிறது.

சனவரியில் பொங்கல், பல பங்குகளில் கோயில் முற்றத்திலேயே வைக்கப்படுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின்னர் வந்த பண்பாட்டுமயமாக்கல் முயற்சிகளோடு இதனை இணைத்துப் பார்க்கலாம். குத்துவிளக்கு, ஆரத்தி போன்ற இந்திய வழக்கங்களை வழிபாட்டில் பயன்படுத்த 1969இல் உரோமை இசைவளித்தது. ஆனால் வேளாண் குடும்பங்கள் எந்த இசைவுக்கும் காத்திருக்காமல் முன்பே பொங்கல் வைத்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

தவக்காலமும் பொதுத்தேர்வும்

ஆண்டு வட்டத்தின் மிக நெருக்கடியான பகுதி இதுவே. உயிர்ப்பு விழா, மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. எனவே அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். திருநீற்றுப் புதன் அதற்கு 46 நாட்கள் முன்னர் வரும். இடையில் உள்ள ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது நாள் நோன்பு. தமிழ்நாட்டில் மேல்நிலை, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே நடைபெறுகின்றன. நகரும் விழாவும் நகராத தேர்வும் ஆண்டுதோறும் புதிய இடத்தில் முட்டிக்கொள்கின்றன.

எடுத்துக்காட்டாக, 2024இல் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு மார்ச் 28 அன்று, அதாவது பெரிய வியாழனன்று நடந்தது. மறுநாள் பெரிய வெள்ளி, மார்ச் 31 உயிர்ப்பு ஞாயிறு, ஏப்ரல் 1 கணிதத் தேர்வு. நள்ளிரவை ஒட்டி நீளும் பாஸ்கா திருவிழிப்பில் கலந்துகொள்ளும் ஒரு மாணவிக்குக் கணக்குப் பார்க்க எஞ்சியது ஒரே பகல். 2025இல் நிலைமை சற்று இலகுவாக இருந்தது: பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரல் 15 அன்று முடிய, பெரிய வெள்ளி ஏப்ரல் 18 அன்று வந்தது.

தேர்தலும் இவ்வாறு குறுக்கிட்டதுண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழனன்று வைக்கப்பட்டது. பங்குப் பள்ளிகள் பல வாக்குச்சாவடிகளாக இருப்பவை. கோயிலுக்கும் அவற்றுக்கும் வாசல் ஒன்றே. தேதியை மாற்றக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலூரில் மட்டும் எதிர்பாராத திருப்பம் ஏற்பட்டது. பணம் கைப்பற்றப்பட்டதையடுத்து அத்தொகுதியின் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரு நாட்கள் முன்பு இரத்து செய்யப்பட்டு, ஆகத்து 5இல் நடந்தது. ஆனால் ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் குறித்தபடி பெரிய வியாழனன்றே நடைபெற்றன.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சிலுவை அடையாளமாக இடப்படும் சாம்பல், முந்தைய ஆண்டின் குருத்து ஞாயிற்று ஓலைகளை எரித்துப் பெறப்படுவது. வீடுகளில் சிலுவையாக முடைந்து செருகி வைத்திருந்த ஓலைகளைப் பிள்ளைகள் திரட்டிக் கொண்டுவந்து தருவர். வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளைக் கொண்ட சிலுவைப் பாதை நடைபெறும். சிறுவர் தவக்கால உண்டியலில் காசு சேர்ப்பர்.

நோன்பு பற்றி மாணவரிடையே தவறான கருத்து ஒன்று நிலவுகிறது. திருச்சபைச் சட்டப்படி, ஒருபொழுது இருக்கும் கடமை 18 வயது நிறைந்தவர்க்கே உரியது. அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களுக்கு மட்டுமே. புலால் தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தவர்க்கு உண்டு. எனவே பத்தாம் வகுப்பு மாணவர் தேர்வு நாளில் பட்டினி கிடக்க எந்தச் சட்டமும் இல்லை. பள்ளிச் சத்துணவில் தரப்படும் முட்டையும் தடை செய்யப்பட்ட புலாலில் அடங்காது. ஆயினும் தவக்காலம் முழுவதும் முட்டையையும் ஒதுக்கும் குடும்பங்கள் உள்ளன. அது சட்டம் அன்று, குடும்ப வழக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம் ஆகிய தோல் தொழில் ஊர்களில் முசுலிம்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். 2023 முதல் 2025 வரையிலான ஆண்டுகளில் தவக்காலமும் ரமலானும் ஒன்றையொன்று தழுவி வந்தன. 2025இல் ரமலான் நோன்பு மார்ச் 2 அன்றும் தவக்காலம் மார்ச் 5 அன்றும் தொடங்கின. இடையில் மார்ச் 3 அன்று மேல்நிலைப் பொதுத்தேர்வு தொடங்கியது. ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் நகர்வதால் இந்த ஒற்றுமை நெடுங்காலம் நீடிக்காது.

புனித வாரம்

குருத்து ஞாயிறன்று ஓலை ஏந்திய பவனியுடன் புனித வாரம் தொடங்குகிறது. பெரிய வியாழன் மாலை, பங்குத்தந்தை பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவார். நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்த இச்சடங்கில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் திருத்தந்தை பிரான்சிசு 2016 சனவரியில் வழிவகுத்தார். பெரிய வெள்ளியன்று உலகெங்கும் திருப்பலி கிடையாது. சிலுவை ஆராதனை மட்டுமே நடைபெறும். சனி இரவு இருளில் புதுத்தீ மூட்டிப் பாஸ்கா திரி ஏற்றப்படுகிறது.

கோடை விடுமுறை

மே மாதம் மரியாவுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. வேலூரின் வெயில் தமிழ்நாடு முழுதும் பேசப்படுவது. அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது புதிதல்ல. ஆகவே கோடைகால மறைக்கல்வி காலை வேளையில் நடத்தப்பட்டு வெயில் ஏறுமுன் முடிக்கப்படுகிறது. பல பங்குகளில் புதுநன்மை பெறும் சிறுவர்க்கான பயிற்சியும் இப்போதே. சலேசியருக்கு உரிய சகாய அன்னை விழா (மே 24) விடுமுறையில் வருவதால் மாணவர் கூட்டம் இன்றி நடந்து முடிகிறது. வெயில் நீடித்தால் பள்ளித் திறப்பும் தள்ளிப்போகும்: 2023இல் சூன் 12, 2024இல் சூன் 10.

சூன் மாதச் சேர்க்கையும் இரு பதிவேடுகளும்

சூன், இயேசுவின் திரு இருதய மாதம். 13ஆம் நாள் பதுவை அந்தோணியார் விழா. ஆனால் பள்ளி அலுவலகத்தில் அது சாதிச் சான்றிதழ் மாதமாகும். வட ஆர்க்காட்டுக் கத்தோலிக்கருள் கணிசமானோர் தலித் மக்கள். 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி இந்துக்களும், 1956 முதல் சீக்கியரும், 1990 முதல் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கப்படுவர். கிறித்தவராகிய தலித்தைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்துள்ளது. 2007இல் கிறித்தவர்க்கெனத் தனியாக 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு தரப்பட்டது; அதனால் இழப்பே மிகுதி எனக் கிறித்தவர் தரப்பிலேயே கோரப்பட்டு, 2008இல் அது கைவிடப்பட்டது.

இதன் விளைவைப் பங்கு வளாகத்திலேயே காணலாம். சில குடும்பங்களில் ஒரே பிள்ளைக்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருக்கும். இதனை ஏமாற்று என்று எளிதாக முத்திரை குத்துவோர், மதம் மாறியதால் சாதிக் கொடுமை மாறிவிடவில்லை என்ற உண்மையைக் கவனிப்பதில்லை. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்குவது குறித்து ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருட்டிணன் தலைமையில் நடுவண் அரசு 2022 அக்டோபரில் ஆணையம் ஒன்றை அமைத்தது.

பங்குப் பள்ளிகளில் கிறித்தவர் அல்லாத மாணவரே பெரும்பான்மையாக இருப்பது பரவலான நிலை. ஆகவே நாளின் ஒரு பாடவேளையில் கத்தோலிக்க மாணவர் மறைக்கல்விக்கும் ஏனையோர் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து செல்வர். இது பள்ளியின் பெருந்தன்மையால் வந்த ஏற்பாடு மட்டுமன்று. அரசு உதவிபெறும் பள்ளியில் எவரையும் அவர் இசைவின்றி, சிறார் எனில் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவின்றி, சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்பது அரசியலமைப்பின் 28(3)ஆம் உறுப்பு. பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையை 30ஆம் உறுப்பு சிறுபான்மையினருக்கு வழங்குகிறது.

அரசு உதவிபெறும் பள்ளிகள் அரசின் நலத்திட்டங்களோடும் பிணைந்தவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 15 சூலை 2024 அன்று விரிவுபடுத்தப்பட்டது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில்தான் அத்தொடக்க நிகழ்வு நடந்தது. விடியலில் தொழிற்சாலைப் பேருந்துக்குப் புறப்பட வேண்டிய தாய்மார் மிகுந்த ஆம்பூர் போன்ற காலணித் தொழில் பகுதிகளில் இத்தகைய திட்டத்தின் பயன் வெளிப்படையானது.

ஆகத்து முதல் அக்டோபர் வரை

ஆகத்து 4 பங்குத்தந்தையரின் பாதுகாவலரான சான் மரிய வியான்னியின் விழா. ஆகத்து 15 விடுதலை நாளும் மரியாவின் விண்ணேற்பு விழாவும் ஆகும். வேலூர்ப் பேராலயம் விண்ணேற்பு அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. காலையில் பள்ளியில் தேசியக் கொடி ஏற்றிய பிள்ளைகள் அன்றே தேர் பவனியிலும் பீடச் சிறுவராக நடப்பதுண்டு. ஆகத்து 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்று பெருவிழா. அந்நாட்களில் காவி உடுத்திய நடைபயணிகள் நெடுஞ்சாலைகளில் தென்திசை நோக்கிச் செல்வர். மாணவர் வருகைப் பதிவேட்டில் விடுப்புக் குறிகளும் கூடும். காலாண்டுத் தேர்வு அதன் பின்னரே வருகிறது. அக்டோபர், செபமாலை மாதம். மாலை தோறும் ஒரு வீட்டில் செபமாலை சொல்லப்படும்.

நவம்பர்

நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள். மக்கள் வழக்கில் கல்லறைத் திருநாள். கல்லறைகளைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி தூவி, மெழுகுதிரி ஏற்றுவர். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நேரம் ஆதலால் திரிகள் அணைந்து அணைந்து மீண்டும் ஏற்றப்படும். தமிழ்நாட்டின் சில கத்தோலிக்க ஊர்களில் கல்லறைத் தோட்டமே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர் நெடுங்காலப் போராட்டத்துக்குக் காரணமானது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு அதனைக் கடும் சமூகப் பாவம் எனக் கண்டித்தது.

பெரும்பாலான ஆண்டுகளில் மணலாகவே கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. 1903ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் இவ்வளவு நீரைக் கண்டதில்லை என்று அப்போது பேசப்பட்டது. இத்தகைய மழை நாட்களில் பள்ளிகளுக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். இழந்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்வதால், சனிக்கிழமை நடக்க வேண்டிய பாடகர் பயிற்சி ஞாயிறு திருப்பலிக்குப் பின் தள்ளிப்போகும். மாத இறுதியில் கிறித்து அரசர் பெருவிழாவுடன் திருவழிபாட்டு ஆண்டு நிறைவுறுகிறது. அடுத்த ஞாயிறு மீண்டும் திருவருகைக் காலம்.