உங்களுக்குத் தெரியுமா? பைபாஸுக்கு முன் மூன்று மாதக் கணக்கு

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து, விடிகாலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுப்பவருக்குச் சர்க்கரை 110 என்று வரலாம். முந்தின நாள் பட்டினி கிடந்தாலே அந்த எண் இறங்கிவிடும். ஆனால் கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை அப்படி ஏமாற்ற முடியாது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிர் வாழ்கிறது. அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். பொரிச்ச பரோட்டா, மக்ரூன், ஷிப்டுக்கு நடுவே குடித்த டீ எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

இதய பைபாஸ் அறுவைக்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்கக் காரணம் உண்டு. அதில் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, பிறகு கம்பியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள் சோர்ந்துவிடும். அந்தப் புண் சீழ்பிடித்தால் மீள்வது பெரும்பாடு. எச்பிஏ1சி 8.5 சதவீதத்தைத் தாண்டினால், காத்திருக்கக்கூடிய அறுவையைத் தள்ளிவைத்து முதலில் சர்க்கரையைச் சீராக்கச் சொல்கிறது பிரிட்டன் வழிகாட்டுநெறி. உயிருக்கு ஆபத்தென்றால் காத்திருக்க வழியில்லை. அறுவையின்போது இன்சுலினை ரத்தநாளம் வழியே சொட்டுச்சொட்டாக ஏற்றி, சர்க்கரையைப் பொதுவாக 180-க்குள் வைத்துக்கொள்வார்கள். அதற்காக ஒரேயடியாக இறக்கவும் கூடாது. 81 முதல் 108-க்குள் கட்டுப்படுத்திய தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் மரணம் கூடியதை 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு காட்டியது.

ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம்: தினமும் விழுங்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறக்கூடும்.