ரெண்டர் போட்டால் கம்ப்யூட்டர் அணையுதா? கிராபிக்ஸ் கார்டை மாற்றும் முன் இதைப் பாருங்க

மெயில், பிரவுசர் எல்லாம் நல்லா ஓடுது. ரெண்டரோ கேமோ தொடங்கினதும் கம்ப்யூட்டர் பட்டுனு அணைஞ்சு ரீஸ்டார்ட் ஆகுதா? புது கார்டுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், பவர் சப்ளையைப் பாருங்க.

ஆர்டிஎக்ஸ் 3080 கார்டின் கணக்கு 320 வாட். ஆனால், கண நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். தாங்க முடியாத பவர் சப்ளை, பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். 2022-ல் ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை வந்ததற்கு இந்தத் திடீர் எகிறலும் ஒரு காரணம்.

கேம் மட்டும் மூடிக்கொண்டால் கதை வேறு. 2020 செப்டம்பரில் 3080 வெளியானபோது பலருக்கு அப்படித்தான் ஆனது, என்விடியாவின் 456.55 டிரைவர் அதைப் பெருமளவு குறைத்தது.

விண்டோஸ் பதிவில் 'கெர்னல்-பவர் 41' என்று வந்தால் பயப்படாதீங்க. முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது.

கோடையில் 40 டிகிரி தாண்டும் திருப்பதி மாவட்டம் நாராயணவனம் போன்ற ஊர்களில், முதலில் கார்டின் வெப்பநிலையைக் கவனிங்க. அது சரியாக இருந்தால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 75 சதவீதமாகக் குறைத்து அதே வேலையை ஓட்டுங்க. இப்போது அணையவில்லையா? பவர் சப்ளை மேல் சந்தேகம் வலுக்கிறது. கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளின் இரு முனைகளைச் செருகாமல் தனித்தனி கேபிள் கொடுத்தும் பாருங்க. அதற்குச் செலவே இல்லை.