வெந்நீர்த் தொட்டிக்குள் வளரும் கல்

உங்கள் வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவின் உட்புறத்தை எப்போதாவது தடவிப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளையாகவோ பழுப்பாகவோ, சொரசொரவென்று ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். "உப்புப் படிந்துவிட்டது" என்று சொல்லிப் பெரியவர்கள் அதைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். ஆனால் அது நாம் குழம்பில் போடும் உப்பு அல்ல. அந்த உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். இதுவோ எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் கரைவதில்லை. உண்மையில் இது ஒரு கல். உங்கள் வீட்டுக் குளியலறையில் மின்சார வெந்நீர்க் கருவி, அதாவது கீசர், இருந்தால் அதற்குள்ளும் இந்தக் கல் மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். கீசர் பழுதாவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று இதுதான்.

இந்தக் கல் எங்கிருந்து வருகிறது? அது கீசரை எப்படிக் கெடுக்கிறது? கெட்டுப்போன கீசரில் எதைப் பழுது பார்க்கலாம், எப்போது புதிதாக வாங்க வேண்டும்? இவற்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மலைத் தண்ணீரும் ஆழ்துளைத் தண்ணீரும்

விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையம் வட்டத்தில் உள்ள ஊர் தளவாய்புரம். பெண்களுக்கான இரவு உடைகள் தைக்கும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். மார்கழி மாதத்து விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இந்த வட்டாரத்தில் இரண்டு வகைத் தண்ணீரைக் காணலாம். ஒன்று, மலையிலிருந்து ஓடைகளாக இறங்கி வரும் நீர். ராஜபாளையம் நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் அய்யனார் கோவில் பக்கத்து மலைநீர்தான் சேர்கிறது. மற்றொன்று, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கும் நீர். முதலாவதை "நல்ல தண்ணீர்" என்றும் இரண்டாவதை "உப்புத் தண்ணீர்" என்றும் மக்கள் அழைக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு எளிதில் வேகாது. அறிவியலில் இதைக் கடின நீர் என்கிறோம்.

நீர் எப்படிக் கடினமாகிறது? மழைநீர் விழும்போது காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடைச் சிறிதளவு கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அதே வாயு இன்னும் அதிகமாகச் சேர்கிறது. இதனால் நீர் ஒரு வலிமை குறைந்த அமிலமாக மாறுகிறது. இந்த அமிலம் பாறையிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கிறது. கரிசல் மண்ணைத் தோண்டினால் அகப்படும் சுக்கான் கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் சுண்ணாம்புதான். கரைந்த சுண்ணாம்பு, கால்சியம் பைகார்பனேட் என்ற வடிவில், கண்ணுக்குத் தெரியாமல் நீரில் இருக்கிறது. மலையோடை நீர் விரைவாக ஓடிவிடுவதால் அதற்குச் சுண்ணாம்பைக் கரைக்கப் போதிய நேரம் கிடைப்பதில்லை. நிலத்தடி நீரோ ஆண்டுக் கணக்கில் பாறையோடு உறவாடுகிறது.

இந்த நீரைச் சூடாக்கினால் என்ன ஆகும்? கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. பிடித்து வைத்திருந்த வாயு போனதும் சுண்ணாம்பு மீண்டும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. விருதுநகர் அருகே இராமசாமிராஜா நகரில் இருக்கும் சிமெண்டு ஆலைக்குப் பந்தல்குடிப் பகுதியிலிருந்து சுண்ணாம்புக் கல்லை வெட்டிக் கொண்டுவருகிறார்கள் அல்லவா? அந்தக் கல்லும் நம் கீசருக்குள் படியும் கல்லும் வேதியியல் முறையில் ஒன்றே.

எவ்வளவு கல்?

குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 மில்லி கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. நாம் ஒரு கணக்குப் போடுவோம். சூடாக்கினால் படியக்கூடிய சுண்ணாம்பு லிட்டருக்கு 200 மில்லி கிராம் இருக்கிறது என்றும், வீட்டில் நாள்தோறும் 50 லிட்டர் வெந்நீர் செலவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கீசர் வழியே ஒரு நாளில் கடந்துசெல்லும் சுண்ணாம்பு 10 கிராம். ஓர் ஆண்டில் 3,650 கிராம்! இதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்கினால்கூட முக்கால் கிலோ கல் சேர்ந்துவிடும்.

நீரின் சூடு ஏற ஏறப் படிவும் மிகுதியாகும். ஆகவே கீசரில் வெப்பநிலையை 75 டிகிரி செல்சியஸில் வைப்பதைவிட 60 டிகிரியில் வைப்பது நல்லது. அதற்கும் மிகக் குறைத்துத் தேக்கி வைத்தால் சிலவகைப் பாக்டீரியாக்கள் பெருகக்கூடும். ஆனால் 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். எனவே வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலக்க வேண்டும்.

டீக்கடை பாய்லரும் கீசரும்

டீக்கடைகளில் பளபளவென்று மின்னும் தாமிரப் பாய்லரைப் பாருங்கள். நடுவே ஒரு குழாய். அதற்குள் கரி எரிகிறது. குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. வெப்பம் குழாயின் சுவரைக் கடந்து நீருக்குப் போக வேண்டும். அந்தச் சுவரில் கல் படிந்தால் வெப்பம் எளிதில் கடக்க முடியாது. தாமிரம் வெப்பத்தைக் கடத்தும் திறனில் நூறில் ஒரு பங்குகூட இந்தக் கல்லுக்கு இல்லை. ஆகவே வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகிறது. கரி அதிகம் செலவாகிறது.

கீசரில் நிலைமை வேறு. அதில் வெப்பம் தரும் மின்சுருள் ஓர் உலோகக் குழாய்க்குள் அடைக்கப்பட்டு, நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதன் மேல் கல் படிந்தாலும் வெப்பம் நீருக்குத்தான் போயாக வேண்டும், வேறு வழியில்லை. ஆகவே மின்சாரம் பெரிதாக வீணாவதில்லை. ஆனால் வெப்பம் வெளியேறத் தாமதமாவதால் மின்சுருள் தானே மிகையாகச் சூடேறுகிறது. நாளடைவில் குழாய் வெடிப்பு விட்டுச் சுருள் எரிந்துபோகிறது. கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெயிலில் ஓடுபவனின் நிலைதான் அதற்கு!

கீசர் சூடாகும்போது "கடகட" என்று சத்தம் கேட்டால் அது இந்தக் கல்லின் குரல் என்று அறிந்துகொள்ளுங்கள். கல்லுக்கு அடியில் சிக்கிய நீர் ஆவிக் குமிழ்களாகி வெடிப்பதால் அந்த ஓசை எழுகிறது.

தன்னைத் தந்து தொட்டியைக் காக்கும் கம்பி

கல்லைத் தவிர கீசருக்கு இன்னொரு பகையும் உண்டு. அதுதான் துரு. பல கீசர்களின் உள்தொட்டி எஃகால் ஆனது. அதன் உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சில் ஊசிமுனை அளவு விரிசல் ஏற்பட்டாலும் நீர் எஃகைத் தொட்டுவிடும்.

இதைத் தடுக்கும் வழி 200 ஆண்டுகளுக்கு முந்தையது. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் பொருத்தப்பட்ட தாமிரத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்படுவதை ஆராய்ந்தார். தாமிரத்தோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால், அவை அரிக்கப்பட்டுத் தாமிரம் தப்பிவிடும் என்று கண்டார்.

அதே தத்துவத்தில் கீசருக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி பொருத்தப்படுகிறது. மெக்னீசியம் இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரான்களை இழக்கும் உலோகம். ஆகவே அது முதலில் கரைகிறது. எஃகுத் தொட்டி காக்கப்படுகிறது. உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அங்கே கம்பி விரைவாகக் கரையும். கம்பி முழுவதும் கரைந்தபின் துரு தொட்டியைத் தாக்கும். தொட்டியின் விலையோடு ஒப்பிட்டால் கம்பியின் விலை மிகக் குறைவு. ஆயினும் கீசருக்குள் இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது!

ஆபத்து எங்கே?

கீசரின் சூட்டைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட். ஒருவகைத் தெர்மோஸ்டாட்டில் பித்தளைக் குழாயும் அதனுள் இன்வார் என்ற கலப்புலோகக் கம்பியும் இருக்கும். சூடு ஏறும்போது பித்தளை நீளும். இன்வார் ஏறக்குறைய நீளுவதே இல்லை. 30 சென்டி மீட்டர் நீளத்தில் 35 டிகிரி சூடு ஏறினால் இரண்டுக்கும் உண்டாகும் வேறுபாடு ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். மின்சாரத்தைத் துண்டிக்க அதுவே போதும். இன்வாரை 1896இல் கண்டறிந்த சார்லஸ் குய்லோம் 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

தெர்மோஸ்டாட் பழுதானால்? வேறொரு வெப்பத் துண்டிப்பான் இருக்கிறது. அதுவும் தவறினால் பாதுகாப்பு வால்வு திறந்து அழுத்தத்தை வெளிவிடும். நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது 25 லிட்டருக்கு ஏறத்தாழ 350 மில்லி லிட்டர் விரிவடைகிறது. எனவே சூடாகும் வேளையில் வால்வில் சில சொட்டுகள் வடிந்தால் அஞ்ச வேண்டாம். அதை ஒழுகல் என்று எண்ணித் துணியாலோ மரச்செருகாலோ அடைப்பது பேராபத்து. கல் படிந்தும் அந்த வால்வு அடைபடலாம். மூன்று காவலர்களும் தவறிவிட்டால் தொட்டிக்குள் நீர் 100 டிகிரிக்கு மேலும் சூடேறும். அப்போது தொட்டி விரிசல் கண்டால் நீர் நொடியில் ஆவியாகிச் சீறும். 1 லிட்டர் நீர் முழுதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மின்சார ஆபத்தும் உண்டு. வெடித்த மின்சுருளிலிருந்து மின்சாரம் நீருக்குப் பாயலாம். மூன்று முனைப் பிளக்கில் பருத்து நீண்டிருக்கும் முனை, அந்த மின்சாரத்தை எர்த் கம்பி வழியாகப் பூமிக்குக் கொண்டுசெல்லும். எர்த் இல்லாத வீட்டில் கீசர் வைக்கக் கூடாது. மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்துவது உயிர்காக்கும் செலவாகும்.

பழுதா, புதிதா?

இப்போது நீங்களே கீசரின் மருத்துவராகி நோயைக் கண்டறியலாம். ஆனால் அறுவை சிகிச்சையை மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்! கீசரை நீங்கள் திறக்கக் கூடாது.

நீர் சூடாகத் தாமதமாகிறதா? 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம் வேண்டும். 2,000 வாட் கீசருக்கு அரை மணி நேரம் ஆகும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180 வோல்ட்டாகக் குறைந்தால் அதே வேலைக்கு 50 நிமிடம் ஆகும். ஆகவே முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள்.

நீர் சூடாகவே இல்லையா? மின்சுருளோ தெர்மோஸ்டாட்டோ பழுதாகியிருக்கலாம். இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். சத்தம் கேட்கிறதா? தொட்டியைத் திறந்து கல்லை நீக்க வேண்டும். அடிமூடியின் ஓரத்தில் கசிகிறதா? ரப்பர் வளையத்தை மாற்றினால் சரியாகும். தொட்டால் 'ஷாக்' அடிக்கிறதா? உடனே மெயினை அணைத்துவிட்டு, பழுது நீங்கும்வரை கீசரைத் தொடாதீர்கள்.

வெந்நீர் மட்டும் செம்பழுப்பாக வருகிறதா? உள்தொட்டியே ஒழுகுகிறதா? அப்படியானால் துரு வென்றுவிட்டது. ஓட்டை விழுந்த தொட்டியை அடைக்க முயல்வது வீண். புதிதாக ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கீசரை வாங்க வேண்டியதுதான். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை கல்லை நீக்கி, கம்பியின் நிலையையும் வால்வையும் பார்க்கச் செய்தால் அந்த நாள் வெகுதூரம் தள்ளிப்போகும். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை முறையாகச் செய்தால், கல் படியாத மழைநீரை வெந்நீருக்கும் பயன்படுத்தலாம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழைநீர், இரண்டாவதில் ஆழ்துளைக் கிணற்று நீர், மூன்றாவதில் அதே கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறியபின் வடிகட்டிய நீர் ஆகியவற்றைச் சம அளவில் ஊற்றுங்கள். குளிக்கும் சோப்பைச் சீவிக் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நிலையான நுரை எழ எத்தனை சொட்டுகள் தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் புட்டிக்கு மிகக் குறைவாகவே தேவைப்படும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு, கொதிக்கும்போது எவ்வளவு சுண்ணாம்பு படிந்துவிட்டது என்பதைக் காட்டும்.

பிறகு, அண்டாவிலிருந்து சுரண்டிய கல் துண்டின் மேல் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். நுரைத்துக் குமிழ்கள் வரும். அமிலம் பட்டதும் கால்சியம் கார்பனேட்டிலிருந்து வெளிவரும் கார்பன்-டை-ஆக்சைடுதான் அது. உங்கள் தெருவில் ஐந்து வீடுகளின் நீரை இவ்வாறு சோதித்து ஒரு பட்டியல் தயாரியுங்கள். எந்த வீட்டுக் கீசரை முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்!