வைகைக்கு அடியில் ரெயில் ஓடுமா?

மதுரை–

"மதுரைக்கு மெட்ரோ வருமாண்ணே, வராதா?"

டவுன்ஹால் ரோட்டு டீக்கடையில் இந்தப் பேச்சு. சிம்மக்கல்லிலும் இதே பேச்சுதான்!

திருமங்கலத்தில் ஏறினால் ஒத்தக்கடையில் இறங்கலாம். தூரம் சுமார் 32 கிலோ மீட்டர். பெரும்பகுதி தூண்கள் மேலே. நகரின் நடுவே மட்டும் சுமார் 5 கிலோ மீட்டர் பூமிக்கு அடியில். ஜங்ஷன் பக்கம் தரைக்குக் கீழே ஒரு நிலையம். அப்புறம் வைகை ஆற்றுக்கே அடியில் சுரங்கம். செலவு 11 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

இதுதான் திட்டம்.

தேர் ஓடும் வீதி

பூமிக்கு அடியில் ஏன் போக வேண்டும்?

மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடும். அங்கே தூண் நட முடியுமா? கோபுரத்தை மறைத்துப் பாலம் கட்டினால் ஊர் சும்மா இருக்குமா? வீதிகளும் குறுகல். அதனால்தான் சுரங்கம்.

திரும்பி வந்தது

2025 நவம்பரில் மத்திய அரசு திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பி விட்டது. கோவைக்கும் அதே கதி!

2017-ம் ஆண்டு மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் ஜனத்தொகை வேண்டுமாம். 2011 கணக்கெடுப்பில் மதுரைக்கு வந்தது 15 லட்சம்தான். விரைவு பஸ் தடமே பொருத்தம் என்பது மத்திய அரசின் வாதம்.

"ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் கொடுத்தீர்களே, எங்களுக்கு ஏன் இல்லை?" என்பது தமிழக அரசின் கேள்வி.

தோண்டினால் கப்பல்!

இத்தாலியில் நேப்பிள்ஸ் என்று ஒரு துறைமுக நகரம். மதுரை போலவே பழைய ஊர். அங்கே 'முனிசிப்பியோ' சதுக்கத்தில் மெட்ரோ நிலையத்துக்குக் குழி தோண்டினார்கள்.

வந்தது என்ன தெரியுமா? ரோமானியர் காலத்துக் கப்பல்கள்! 2004-ல் கிடைத்தன. மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய துறைமுகமே வெளியே வந்தது.

கப்பலை உடைத்துப் போட்டு வேலையை முடிக்கவில்லை. பக்குவமாக வெளியே எடுத்தார்கள். நிலையம் திறந்தது 2015-ல். நாளும் ஆச்சு, செலவும் ஆச்சு. ஆனால் ஊரின் சரித்திரம் தப்பியது.

நம் மண்ணில்?

அந்த ரோமானியர்களின் காசு நம் வைகை மணலிலும் கிடைத்திருக்கிறது. கீழடி எவ்வளவு தூரம்? பக்கத்தில்தான். அங்கே 2015 முதல் தோண்டத் தோண்டச் செங்கல் சுவரும் உறைகிணறும் வந்தன.

ஊருக்குள்ளே மட்டும் என்ன? வெளி வீதிகள் இருக்கும் இடத்தில்தான் மதுரைக் கோட்டை நின்றது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்தார். அகழியை மண் போட்டு மூடினார்கள். அதைச் செய்த பெருமாள் மேஸ்திரி பேரும், சர்வேயர் மாரெட் பேரும் இன்றைக்கும் தெருப் பெயர்களாக இருக்கின்றன.

ஆக, மதுரையில் கடப்பாரை போட்டால் என்ன வருமோ, யார் கண்டது?

முதலில் என்ன?

மெட்ரோ வேண்டும். திருமங்கலத்தில் இருந்து பஸ்சில் நின்றுகொண்டே வருகிறவரைக் கேளுங்கள், சொல்வார்.

ஆனால் திட்டம் மறுபடி டெல்லிக்குப் போகும்போது ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். சுரங்கம் போகிற பாதை நெடுக, எந்த இடத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று தொல்லியல்காரர்கள் முதலில் பார்க்கட்டும். எந்திரம் இறங்கிய பிறகு பார்த்தால், வேலையும் நிற்கும், மண்ணுக்குள் இருப்பதும் போகும்.

ரெயில் பத்து வருஷம் தாமதமாக வரலாம். உடைந்த சரித்திரம் திரும்ப வராதே!